வினாக்கொத்துக்குள் அடங்காத ரொட்டி

பெருந்தோட்ட மக்களின் போசாக்கு நிலை பற்றி அறிக்கை வெளிவரும்போது, அதன் இறுதிப் பக்கங்களில் ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும். இம்மக்களின் உணவுப் பழக்கவழக்கங்கள் மாறவேண்டும், தாய்மாருக்கு விழிப்புணர்வூட்ட வேண்டும் என்பதே அது. ஆண்டுகள் மாறும், அமைச்சர்கள் மாறுவர், அறிக்கையின் அட்டைப்படம் மாறும். அவ்வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும். அது எங்கிருந்து பிறக்கிறது என்று அண்மைக்காலமாக யோசித்து வருகிறேன்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் 31.7 சதவீதம். இந்த எண்ணில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையைப் பலகையில் நிறுத்தி அளக்கிறார்கள். பிள்ளையின் உயரம் யாருடைய ஞாபகத்தையும் நம்பி இருப்பதில்லை. யாருக்காகவும் கூடவோ குறையவோ போவதுமில்லை.

ஆனால் ஏன் உயரவில்லை என்று கேட்டவுடன் விடயம் வேறாகிறது. என்ன உண்டார்கள், எவ்வளவு உண்டார்கள் என்பதை அளக்கப் பலகை கிடையாது. கேட்டுத்தான் அறியவேண்டும். கேட்பதற்கு வினாக்கொத்து ஒன்று வேண்டும். அந்த அசையாத வாக்கியத்தின் ஊற்று இந்த இடத்தில்தான் இருக்கிறது.

உலகில் இந்த அளவைக் கலை வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. மத்தியதரைக்கடல் உணவுமுறையை ஒருவர் எவ்வளவு தூரம் பின்பற்றுகிறார் என்று அறிய, ஸ்பெயின் நாட்டில் நடந்த 'பிரெடிமெட்' ஆய்வில் பதினான்கே கேள்விகள் கொண்ட வினாக்கொத்தைப் பயன்படுத்தினர். சமையலுக்கு முதன்மையாக ஒலிவ் எண்ணெயையா பாவிக்கிறீர்கள் என்று அது தொடங்கும். தக்காளியும் வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் ஒலிவ் எண்ணெயில் வதங்கும் 'சொஃப்ரித்தோ' என்ற கூட்டை வாரத்தில் எத்தனை தடவை சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றும் ஒரு கேள்வி உண்டு. தங்கள் அடுப்பின் மணம் அறிந்தவர்கள் எழுதிய கேள்வி அது. அப்படியிருந்தும், 7146 பேரிடம் இதைப் பரீட்சித்து 2011இல் வெளியிட்ட முடிவில், விரிவான வேறொரு வினாக்கொத்தோடு இது கொண்ட இணைபுக் கெழு 0.52 மட்டுமே. பூரண ஒற்றுமை என்றால் 1 வரவேண்டும். சொந்த ஊரில், சொந்த மொழியில், சொந்த உணவைக் கேட்டபோதே நிலைமை இது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று நம்பகம், மற்றது ஏற்புடைமை. ஒரே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் அதே விடை வருகிறதா என்பது நம்பகம். வந்த விடை உண்மையா என்பது ஏற்புடைமை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க ஆங்கிலப் பாடநூல் தேவையில்லை. கொழுந்துத் தராசு போதும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லி ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோவைக் கழிக்கும் தராசு மிகவும் நம்பகமானது. இன்றும் இரண்டு கிலோ, நாளையும் இரண்டு கிலோ. அதிகம் பறித்தவள் முதலாவதாகவும் குறையப் பறித்தவள் கடைசியாகவும் வரும் வரிசையும் மாறாது. இணைபுக் கெழு கணக்கிட்டால் 1 என்றே வரும். ஆயினும் எல்லாருடைய கூடையிலும் இரண்டு கிலோ காணாமற் போயிருக்கும். இரண்டு அளவைகள் இணைந்து செல்வது வேறு, ஒத்துப்போவது வேறு என்பதை 1986இல் பிளான்ட், ஆல்ட்மன் என்னும் இரு பிரித்தானியப் புள்ளியியலாளர் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் எழுதி உலகப் புகழ் பெற்றார்கள். நமது கொழுந்துக்காரிகள் அதை எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

உணவு வினாக்கொத்தைச் சரிபார்க்கும் முறை எளிமையானது, ஆனால் சிரமமானது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ட்டர் வில்லற் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், 173 தாதியர் ஒவ்வொரு வாரமாக நான்கு வாரங்கள் தாம் உண்டதையெல்லாம் நிறுத்துக் குறித்தனர். அந்தக் குறிப்போடு வினாக்கொத்தின் விடைகளை ஒப்பிட்டார்கள். இலங்கையிலும் ரணில் ஜயவர்தன முதலான ஆய்வாளர்கள் இலங்கையருக்கென ஒரு வினாக்கொத்தை 2012இல் உருவாக்கி, ஏழு நாள் நிறுத்துக் குறித்த உணவோடு அதை ஒப்பிட்ட முடிவை 2016இல் வெளியிட்டனர். மெச்சத்தக்க வேலை. ஆனால் சோறும் கறியும் உண்ணும் பெரும்பான்மையை நினைவில் வைத்துச் செய்யப்படும் எந்தக் கருவியும் நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு லயத்துக்குத் தானாகவே பொருந்திவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அங்கே அதைத் தனியாகச் சரிபார்க்கவேண்டும்.

மனிதரின் சொல்லை நம்பாத முறையும் ஒன்றுண்டு. அடையாளமிட்ட நீரைக் குடிக்கச் செய்து, சிறுநீரைப் பரிசோதித்து, உடல் செலவிட்ட சக்தியைக் கணிப்பார்கள். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இப்படிப் பார்த்தபோது, வினாக்கொத்தில் மக்கள் சொன்ன சக்தி உள்ளெடுப்பு உண்மையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. படித்தவர்கள், வயிறு நிறைந்தவர்கள் அவர்கள். எனவே மறதியும் மறைப்பும் ஏழைகளின் குணம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

இதிலெல்லாம் எனக்கு அக்கறை பிறந்தது ஒரு மாணவியால். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. தாய் இன்னமும் கொழுந்து பறிக்கிறார். ஆய்வுக்காக வினாக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "சேர், தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துத் தாங்க" என்று வந்தாள். ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்த பிரதி. 'ஒரு நாளில் எத்தனை பரிமாறல்கள் மரக்கறி உட்கொள்கிறீர்கள்?' என்றொரு கேள்வி. பரிமாறல் என்றால் கோயில் அன்னதானம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்திருக்கலாம். ஆனால் சொல் சரியானாலும் கேள்வி சரியாகாது என்று தோன்றவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ்ஸில் ஏறினேன்.

முதல் வீட்டிலேயே ஒரு சிக்கல். பகல் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள், "சாப்பிட்டாச்சா பாட்டி?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல புள்ள, காலையில ரெண்டு ரொட்டி தின்னதுதான்" என்றார் அந்த அம்மையார். சாப்பாடு என்றால் அவருக்குச் சோறு. ரொட்டி தின்பது, சோறு சாப்பிடுவது. 'நாளொன்றுக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை, 'ஒரு வேளை.' கணினியில் அதை ஏற்றினால் பட்டினிக் குடும்பம் என்று வரும். பட்டினி இருக்கிறதோ இல்லையோ, அந்த எண் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது சீனி. 'ஒரு கோப்பைத் தேநீரில் எத்தனை தேக்கரண்டி சீனி இடுகிறீர்கள்?' பல வீடுகளில் விடை: போடுறதில்லை. உண்மைதான். சீனியை அவர்கள் சாயத்தில் போடுவதில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தொட்டு நக்கி, சாயத்தை வெறுமனே குடிக்கிறார்கள். சில வீடுகளில் கருப்பட்டித் துண்டு. கேட்டது தேநீருக்குள் இருக்கும் சீனியை. சொன்ன விடையில் ஒரு துளி பொய்யில்லை. அத்தனை சீனியும் ஆய்விலிருந்து ஆவியாகிப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் அதே விடைதான் வரும். நம்பகம் பூரணம்!

ரொட்டியோ எண்ணிக்கையில் அடங்குவதில்லை. மாணவி கையில் சிறிய தராசு ஒன்று வைத்திருந்தாள். ஒரு வீட்டு ரொட்டி பக்கத்து வீட்டு ரொட்டியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறை. மாவைப் பிசைந்து தடிப்பாகத் தட்டுபவர் உண்டு. மலைக்குக் கட்டிக்கொண்டு போக வசதியாகச் சிறிதாய்ச் சுடுபவர் உண்டு. தேங்காய்ப்பூ கலப்பதும் கலக்காததும் தேங்காய் விலையைப் பொறுத்தது. 'இரண்டு ரொட்டி' என்று எழுதுவதில் அர்த்தம் குறைவு.

இவை யாவற்றையும்விட என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு சின்னச் சொல்: நீங்கள். "நீங்க கருவாடு, நெத்தலி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால், "சாப்பிடுவோம் மிஸ், வாரத்துல ரெண்டு நாள் போடுவோம்" என்று விடை வந்தது. சாப்பிடுவோம்! கேட்டவள் மரியாதை ஒருமையில் கேட்டாள். சொன்னவர் குடும்பப் பன்மையில் சொன்னார். நமது மொழியில் இரண்டுக்கும் ஒரே 'நீங்கள்'தான். வினாக்கொத்தில் அந்தப் பெண் வாரத்தில் இரண்டு நாள் மீன் உண்பவராகப் பதிவாகிறார். "உங்க தட்டுல விழுந்துச்சா?" என்று நான் குறுக்கிட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார். வேலைக்குப் போகும் கணவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருக்கும் சம்பலை ரொட்டியால் துடைத்துத் தின்றதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டு வழக்கத்தையும் சொல்வதுபோல் சொன்னார். குடும்பத்தின் வாரச் சாமானைத் தலைக்குத் தலை பிரித்துச் சராசரி போடும் ஆய்வுகளிலும் இப்பெண் கண்ணில் படுவதில்லை. நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்குபவர் அவர்தான்.

இன்னொரு வினா எனக்குள் எழுந்தது. பின்பற்றுகிறார்களா என்று அளக்கப்படும் அந்தப் 'பிரதேச உணவுமுறை' இங்கே எது? வட ஐரோப்பியர் 2011இல் தங்கள் உணவுச் சுட்டெண்ணை மீன், முட்டைக்கோசு வகை, ரை தானியப் பாண், ஓட்ஸ், அப்பிளும் பேரிக்காயும், கிழங்கு வகை என்று ஆறு பொருள்களில் அமைத்துக்கொண்டார்கள். அவை அவர்கள் நிலத்தில் விளைந்தவை. நம்மவர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கேழ்வரகும் கம்பும் சோளமும் தின்ற வாயோடு வந்தார்கள். இங்கே தோட்டம் அரிசி கொடுத்தது, சம்பளத்தில் பிடித்தது. அரிசியின் விலையையும் சேர்த்தே 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச வேதனச் சட்டம் பேசுகிறது. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. 1973, 74இல் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. அந்நாட்களைப் பற்றி வயதானவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள். 1980இல் திருகோணமலை மாவாலை இயங்கத் தொடங்கிய பின்னர் மா நிரந்தரமாயிற்று. ஆக, ரொட்டியைப் 'பழக்கம்' என்கிறோம். அதைப் பழக்கியது கப்பலும் பங்கீட்டு அட்டையும் விலையுமே. அதே ஊவாவில், வெல்லஸ்ஸப் பக்கத்துச் சேனைகளில் குரக்கன் விளைகிறது. தோட்டத்து லயத்தில் அதே குரக்கன், அதாவது நம் கேழ்வரகு, விருந்தாளி.

இனி, மாதச் சக்கரம். பெரும்பாலான தோட்டங்களில் பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம். மாதக் கடைசியை ஒட்டி முற்பணம். சம்பள வாரத்தில் கோழியும் முட்டையும் மணக்கும் லயத்தில், அடுத்த சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ரொட்டியும் சம்பலும் சாயமும்தான். பேர் குறைந்த மாதத்தில் அதுவும் சுருங்கும். கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் நறுமணப் பருவம். லயத்து ஓரத்துக் கீரைப் பாத்திக்கோ வறட்சிப் பருவம். அதே நாள்களில் ஆடி வரும், புரட்டாதிச் சனி வரும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் கருவாட்டுச் சட்டி கவிழ்ந்துவிடும். கடந்த ஏழு நாளில் என்ன உண்டீர்கள் என்ற கேள்வி எந்த ஏழு நாளில் விழுகிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இது நமக்கு மட்டுமுள்ள சங்கடமன்று. மத்தியதரைக்கடல் உணவின் புகழுக்கு மூலமான கிரேக்கத்துக் கிறீற் தீவு ஆய்வுகளில் ஒன்று கிறிஸ்தவரின் தவக்காலத்தில் நடந்தது. அங்குள்ள மரபுவழித் திருச்சபையினர் அந்நாள்களில் இறைச்சி, பால், முட்டை தவிர்ப்பவர்கள். விரதத்தை உணவுமுறை என்று பதிந்துவிட்டார்களோ என்று பின்வந்த ஆய்வாளர்களே கேட்டார்கள்.

2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த எண்களுக்கு வந்த பலம் சாதாரணமானதன்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் 2023 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில் 39 இலட்சம் பேர், அதாவது 17 சதவீதத்தினர், உணவுப் பாதுகாப்பற்றோர். தோட்டத்துறையின் நிலை மிக மோசம். இத்தகைய மதிப்பீடுகளில் உலக உணவுத் திட்டம் கையாளும் கருவிகளில் ஒன்று உணவு நுகர்வுப் புள்ளி. ஏழு நாளில் எத்தனை நாள் உண்டார்கள் என்பதை ஒவ்வொரு வகைக்கும் உரிய நிறையால் பெருக்குவார்கள்: தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒவ்வொன்று, மீன் இறைச்சிக்கு 4, பாலுக்கு 4, சீனிக்கும் எண்ணெய்க்கும் அரை. கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் போதிய உணவு. சீனியும் எண்ணெயும் அன்றாடம் புழங்கும் நாடுகளில் 42ஐத் தாண்டவேண்டும்.

மாதக் கடைசி வாரத்தில் ஒரு லயத்து வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரொட்டியோ சோறோ ஏழு நாளும்: 14. பருப்பு மூன்று நாள்: 9. கீரை, மரக்கறி நான்கு நாள்: 4. சீனியும் எண்ணெயும் தினமும்: 7. மொத்தம் 34, எந்த அளவுகோலிலும் விளிம்புநிலை. இப்போது, மூன்று நாள் சம்பலில் இடித்துப் போட்ட ஒரு சிட்டிகை நெத்தலியை 'மீன்' என்று பதியுங்கள்: 46. குழந்தையின் தேநீரில் தினமும் கலந்த ஒரு கரண்டி பால்மாவைப் 'பால்' என்றும் பதியுங்கள்: 74. ஒரு சிட்டிகையும் ஒரு கரண்டியும் அந்த வீட்டின் வறுமையைத் துடைத்துவிட்டன. இதை அறிந்தே, சுவைக்குச் சேர்க்கும் சிறு அளவுகளையும் தேநீரில் விடும் பாலையும் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று உலக உணவுத் திட்டத்தின் வழிகாட்டி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் மாலை ஐந்து மணிக்கு இருபதாவது வீட்டில், மழையில் நனைந்து நிற்கும் தற்காலிக ஊழியர் ஒருவர் அதை ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும். அவருக்குத் தமிழும் தெரிந்திருக்கவேண்டும்.

கேட்பவர் யார் என்பதும் விடையை வளைக்கும். பிரசவ கிளினிக்கில் மருத்துவமாது கேட்டால், கீரை தின்றேன், முட்டை தின்றேன் என்றே சொல்வார்கள். இல்லையென்றால் ஏச்சு விழும். 2023இல் அஸ்வெசும நிவாரணப் பட்டியல் வந்த பின்னர், புத்தகமும் பேனாவுமாக எவர் வந்தாலும் ஏதோ கொடுக்கத்தான் வருகிறார் என்றொரு நம்பிக்கை. அங்கே முட்டை மறைந்துவிடும். ஒரே பெண், ஒரே வாரம், இரண்டு வேறு உண்மைகள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எழுதியெடுப்பவரின் கையில் தன் வாழ்க்கையின் ஒரு துண்டு இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவரின் விடை அது.

மாணவியின் வினாக்கொத்தை இருவருமாக மாற்றி எழுதினோம். 'நீங்கள்' இருந்த இடங்களில் 'உங்க தட்டுல' வந்தது. சாப்பாடு என்ற சொல்லை நீக்கி, காலையில் பெரட்டுக்குப் போகுமுன், மலையில் பத்து மணிக்கு, பகலில், கொழுந்து நிறுத்து வந்த பிறகு, இரவில் என்று நாளின் வேலையோடு சேர்த்து வாயில் போட்டதையெல்லாம் கேட்டோம். கையில் வைத்து நக்கும் சீனிக்குத் தனிக் கேள்வி. பசியை ஆற்றும் வெற்றிலைக்கும் ஒன்று. சம்பளத்துக்கு அடுத்த வாரம் ஒரு தடவை, முந்திய வாரம் ஒரு தடவை என இரண்டு சுற்று.

அவளுடைய மேற்பார்வையாளர் பாதியை ஏற்றுக்கொண்டு பாதியை வெட்டிவிட்டார். கேள்வியை இவ்வளவு மாற்றினால் பிற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு. வெளிநாட்டுச் சஞ்சிகை எதுவும் உள்ளங்கைச் சீனியை அறியாது. இறுதியில், பழைய கேள்விகளையும் வைத்துக்கொண்டு புதியவற்றை அவற்றின் கீழே சேர்ப்பது, முப்பது வீடுகளில் தராசில் நிறுத்து இரண்டையும் ஒப்பிடுவது என்று உடன்பாடாயிற்று. வினாக்கொத்து நான்கு பக்கம் நீண்டுவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்கிறாள். பசறையில் பன்னிரண்டு வீடு முடிந்திருக்கிறது. அடுத்த போயா விடுமுறையில் லுணுகலைப் பக்கம் போகிறாள். அங்கே சம்பளம் எந்தத் திகதி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.